பழைய கித்தாருக்குப் புதுப்பூச்சு

முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தை வாசித்த பேஸ் கித்தாரைக் கொண்டுவந்தார். மேப்பிள் மரத்தின் நார்கள் அலையலையாக வளர்ந்திருந்தால் ஒளியில் புலிவரிகள் மின்னும். அந்த வரிகளைத்தான் மங்கிய பூச்சு மறைத்திருந்தது.

ஜார்ஜ்டவுனில் அவர் வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். மறைவான இடத்தில் தின்னரைத் தொட்டு வைத்ததும் பூச்சு இளகியது, ஆகவே லாக்கர்தான். பாலியூரித்தேன் அவ்வாறு இளகாது. மேலிருப்பது மெல்லிய மேப்பிள் தகடு. உப்புத்தாளை அழுத்தினால் அடிமரம் தெரிந்துவிடும். நார் ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்தோம்.

மழை பெய்த மாலையில் லாக்கர் தெளித்தது நம் அவசரம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்தது. மாணவரின் முகமும் வெளுத்தது! மறுநாள் நல்ல வெயிலில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மேலாகத் தெளித்தோம். படிந்த ஈரம் வெளியேற, வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. லாக்கர் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பருகில் இதைச் செய்யவேண்டாம்.