எம்தேபேஆஷ் மறுத்தால்

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கேட்ட கொடுப்பனவு கிடையாது என்று எம்தேபேஆஷிலிருந்து (பிரான்சில் இயலாமை உள்ளோரின் உரிமைகளைக் கவனிக்கும் அலுவலகம்) கடிதம் வந்தால், பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் யாராவது ஒருவர் சொல்வார்: "விடுங்கோ, அடுத்த வருசம் புதுசாப் போடலாம்." நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அப்படிச் செய்தால் காசு போகும். இந்தக் கொடுப்பனவு, விண்ணப்பம் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து கணக்காகும். மேன்முறையீட்டில் வென்றால் அந்தப் பழைய தேதியிலிருந்தே நிலுவை வரும். புது விண்ணப்பம் போட்டால் இடைப்பட்ட மாதங்கள் போனதுதான்.

கொடுப்பனவின் சுருக்கப் பெயர் ஆ-எ-எ-ஆஷ். 20 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அடிப்படைத் தொகை மாதம் சுமார் 150 யூரோ. பிள்ளையைப் பார்க்கத் தாயோ தந்தையோ வேலை நேரத்தைக் குறைத்திருந்தால், அல்லது செலவு கூடுதலாக இருந்தால், அதற்கு மேல் ஆறு படிகளில் கூடுதல் தொகை உண்டு. பணம் தருவது காஃப் எனப்படும் குடும்பக் கொடுப்பனவு அலுவலகம். தீர்மானிப்பது எம்தேபேஆஷில் கூடும் ஆணைக்குழு. 2005 பெப்ரவரி 11ஆம் தேதிச் சட்டம் உருவாக்கிய அமைப்பு எம்தேபேஆஷ். ஆகவே காஃப் கவுண்டரில் போய் வாதாடிப் பயனில்லை.

மறுப்புக் கடிதத்தில் தேட வேண்டியது ஒரு வீதம். பிள்ளையின் இயலாமை 80 வீதமோ அதற்கு மேலோ என்றால் கொடுப்பனவு உண்டு. 50க்கும் 79க்கும் இடையில் என்றால், சிறப்புப் பள்ளியோ, வகுப்பில் துணையாளரோ, தொடர் சிகிச்சையோ தேவை என்பதும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். 50க்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. துணையாளர் பெற இந்த வீதக் கணக்கு இல்லாததால், ஒரே கடிதத்தில் துணையாளரைத் தந்து பணத்தை மறுப்பதும் நடக்கும்.

நம்மவர்கள் பலருக்குப் புரியாத இடம் இதுதான்: ஓட்டிசம் என்ற மருத்துவ முடிவு தானாக எந்த வீதத்தையும் தருவதில்லை. பாரிஸின் ரொபேர் தெப்ரே மருத்துவமனை எழுதிய நீண்ட அறிக்கையே இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்பதை வைத்தே வீதம் போடுகிறார்கள். நாமோ படிவத்தில் பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுகிறோம், அல்லது அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுகிறோம். வெளியாருக்கு முன் பிள்ளையின் குறையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் கோப்பைப் பார்ப்பவர் பிள்ளையைப் பார்க்காமலே முடிவு செய்வது வழக்கம்.

எனவே மேன்முறையீட்டுக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒன்பது வயதிலும் தாய்தான் உடுப்பு மாட்டுகிறாரா, இரவில் எத்தனை தடவை எழுகிறான், மலம் கழிக்கத் துணை வேண்டுமா, என்னென்ன உணவை மட்டும் தொடுகிறான், கையை விட்டால் வீதியில் ஓடுகிறானா, எத்தனை மணிக்குப் பள்ளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று பத்து வரி எழுதுவதைவிட இப்படி ஒரு வரி மேல். பள்ளி நிரப்பும் ஜெவாஸ்கோ படிவம், பேச்சுப் பயிற்சியாளரின் அறிக்கை, வேலை நேரம் குறைந்ததற்கு முதலாளியின் கடிதம், செலவுப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றையும் சேருங்கள். காசு வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதித் தருபவர்களிடம் போக வேண்டாம். பிள்ளையின் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் கடிதம் எந்த வீதத்தையும் உயர்த்தாது.

கெடு, கடிதம் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம். 2019 முதல் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் எம்தேபேஆஷுக்கே ராப்போ எனப்படும் மேன்முறையீட்டை அனுப்ப வேண்டும். ரெகொமாந்தே எனப்படும் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்ட அத்தாட்சியோடு அனுப்பி, பிரதியையும் உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் முன் நேரில் பேச விரும்பினால் கடிதத்திலேயே கேளுங்கள். இரண்டு மாதம் பதில் வராவிட்டால் அதுவும் மறுப்புத்தான். அங்கிருந்து இன்னும் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்தின் சமூகப் பிரிவுக்குப் போகலாம். அங்கே அவொக்கா (வழக்கறிஞர்) கட்டாயமில்லை. வருமானம் குறைவென்றால் அரசின் சட்ட உதவியில் ஒருவரைக் கேட்கலாம். வீதத்தில்தான் பிரச்சினை என்றால் நீதிபதி வேறொரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம்.

வென்றபின் வரும் கடிதத்திலும் ஒரு முடிவுத் தேதி இருக்கும். அதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிப்பு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.