கீழே ராக் பாட்டு. மேலே ஏழைகள் விடுதி!
வாடகைத் தகராறில் மூடிய நியூயார்க் கிளப்

நியூயார்க் நகரில் ஏறத்தாழ 33 ஆண்டுகள் ராக் பாட்டுக் கச்சேரி நடந்து வந்த "சி.பி.ஜி.பி." என்ற கிளப், வாடகைத் தகராறில் சிக்கி 2006-ம் ஆண்டு இழுத்து மூடப்பட்டது.

கட்டிடத்தைக் காலி செய்யச் சொன்னது யார் தெரியுமா? வீடு வாசல் இல்லாதவர்களுக்கு இடம் கொடுத்து ஆதரிக்கும் ஒரு தர்ம ஸ்தாபனம்!

மன்ஹாட்டன் பகுதியில் இருக்கிறது பவரி வீதி. 1970-களில் அந்த வீதிக்கு நல்ல பெயர் கிடையாது. குடித்துவிட்டு நடைபாதையில் உருண்டு கிடப்பவர்கள், ஒரு ராத்திரி படுக்க நாள் வாடகைக்கு ஒண்டுபவர்கள், இவர்கள்தான் அங்கே அதிகம். 315-ம் நம்பர் கட்டிடத்தின் தரைத்தளத்தை ஹில்லி கிரிஸ்டல் என்பவர் வாடகைக்கு எடுத்திருந்தார். மாடியில் மலிவு விடுதி. அதன் பெயர் "பேலஸ் ஹோட்டல்". பெயரில் மட்டும் அரண்மனை!

பிள்ளையார் பிடிக்க...

கிரிஸ்டல் முன்னாள் மரைன் படை வீரர். ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கோரஸ் பாடியவர். 1973 டிசம்பரில் கிளப்புக்குப் புதுப் பெயர் வைத்தார். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் ஆகிய நாட்டுப்புறப் பாட்டு வகைகளின் ஆங்கில எழுத்துக்கள்தான் சி.பி.ஜி.பி. ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, அங்கே வந்து சேர்ந்தது காதைப் பிளக்கும் ராக் கோஷ்டிகள்!

1974-ல் "டெலிவிஷன்", "ராமோன்ஸ்" ஆகிய கோஷ்டிகள் மேடை ஏறின. பிறகு பட்டி ஸ்மித், "பிளாண்டி", "டாக்கிங் ஹெட்ஸ்" என்று வரிசையாக வந்தார்கள். அப்போது இவர்களில் பலருக்கு இசைத்தட்டுக் கம்பெனி எதுவும் கதவைத் திறக்கவில்லை. கிரிஸ்டல் திறந்தார்.

அவர் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. அடுத்தவன் பாட்டைப் பாடக்கூடாது, சொந்தப் பாட்டு வேண்டும். வாசலில் வசூலாகும் டிக்கெட் காசு பாடுகிறவனுக்கு. உள்ளே விற்கும் சரக்குக் காசு கிளப்புக்கு. கணக்கு அவ்வளவுதான். கையில் காசில்லாத பையன்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததற்கு இதுவே காரணம்.

கதவு இல்லாத கக்கூஸ்

இடம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ரெயில் பெட்டி மாதிரி நீண்டு குறுகிய அறை. சுமார் 350 பேர் நெருக்கியடித்து நிற்கலாம். சுவர் முழுக்க நோட்டீசு மேல் நோட்டீசு, கிறுக்கல் மேல் கிறுக்கல். கிரிஸ்டலின் நாய் நினைத்த இடத்தில் அசிங்கம் செய்யும். கழிவறை இருந்த லட்சணத்தைச் சொன்னால் சாப்பாடு இறங்காது. ஆனால் ஒலிபெருக்கி மட்டும் முதல் தரம். கூட்டம் மறுபடி மறுபடி வந்தது என்றால் சும்மாவா?

கோர்ட்டில் வழக்கு

காலப்போக்கில் பவரி வீதி பணக்கார வீதி ஆயிற்று. நில மதிப்பு ஏறியது. கட்டிடம் "பவரி ரெசிடென்ட்ஸ் கமிட்டி" என்ற தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருந்தது. கிளப்புக்கு மேல் மாடியில் அது வீடற்றவர்களைத் தங்க வைத்திருந்தது. வாடகை பாக்கி 91 ஆயிரம் டாலர் என்று கமிட்டி சொன்னது. "மாதம் 19 ஆயிரம் டாலர் ஒழுங்காகக் கொடுக்கிறேன். வாடகை உயர்ந்ததாக எனக்கு யாரும் பில் அனுப்பவில்லையே!" என்பது கிரிஸ்டல் கட்சி.

2005-ல் கோர்ட்டு கிரிஸ்டல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாக்கியைக் காட்டி வெளியேற்ற முடியாது என்றது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டோடு குத்தகை முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த எந்தக் கோர்ட்டாலும் முடியாதே! வழக்கில் ஜெயித்தவர் வீட்டை இழந்தார்.

பாட்டுக்காரர்கள் ஊர்வலம், கூட்டம் என்று குரல் கொடுத்தார்கள். கமிட்டி மசியவில்லை. தெருவில் கிடப்பவனுக்குச் செலவழிக்க வேண்டிய காசைக் கச்சேரி கிளப்புக்கு விட்டுக் கொடுக்க முடியுமா என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டும் வேண்டும், படுக்கையும் வேண்டும். ஒரே கட்டிடத்தில் இரண்டுக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் பேசுவது?

2006 அக்டோபர் 15-ந் தேதி கடைசிக் கச்சேரி. பட்டி ஸ்மித் பாடினார். இறந்துபோன பாட்டுக்காரர்களின் பெயர்களை மேடையில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். உள்ளே போக முடியாத ரசிகர்கள் நடைபாதையில் நின்றார்கள்.

லாஸ்வேகாசில் மறுபடி கிளப் திறக்கக் கிரிஸ்டல் திட்டம் போட்டார். அதற்குள் நுரையீரல் புற்றுநோய் முந்திக்கொண்டது. 2007 ஆகஸ்டு 28-ந் தேதி காலமானார். வயது 75.

2008-ல் அதே இடத்தில் விலை உயர்ந்த ஆடைகள் விற்கும் கடை வந்தது. பழைய நோட்டீசு ஒட்டிய சுவரில் ஒரு பகுதியை அப்படியே விட்டு வைத்தார்கள். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. நாறிய அந்தக் கழிவறையை அச்சு அசலாகச் செய்து, 2013-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் உடை அலங்காரக் கண்காட்சியில் வைத்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்!

கிளப் அருகே உள்ள தெரு முனைக்கு 2003-ல், மறைந்த ராமோன்ஸ் பாடகர் ஜோயி ராமோன் பெயர் சூட்டப்பட்டிருந்தது. பெயர்ப் பலகையை ரசிகர்கள் திரும்பத் திரும்பத் திருடிக்கொண்டு போனதால், 2010-ல் நகராட்சி அதை 20 அடி உயரத்தில் தூக்கி மாட்டியது.