கிரகணம் தரும் அளவுகோல்

வெறுங்கண்ணுக்குப் புலப்படும் சில ஆயிரம் நக்ஷத்திரங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு வானத்தின் இயல்பைக் கணிக்க முற்படுவோமானால் பெரும் பிழைக்கு ஆளாவோம்; ஏனெனில் நம் பால்வெளி மண்டலத்து நக்ஷத்திரங்களில் சுமார் 70 சதவீதம், சூரியனைவிட நிறையிலும் ஒளியிலும் வெகுவாகக் குறைந்த செங்குள்ளர்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை; அவற்றை வெறுங்கண்ணால் காண இயலாது. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகே, 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரியும் இவ்வகையினதே. இத்தனை அருகிலிருந்தும் 1915ஆம் ஆண்டில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது என்றால், இவற்றின் மங்கல் எத்தகையது என்பது விளங்கும்.

இவ்வாறு ஒளி குன்றிய நக்ஷத்திரத்தின் நிறையையும் ஆரத்தையும் எப்படி அறிவது? தனித்து நிற்கும் நக்ஷத்திரம் எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் பெரும்பாலும் ஒளிப்புள்ளியாகவே தெரிகிறபடியால், அதன் நிறத்தையும் பிரகாசத்தையும் கொண்டு சாஸ்திர விதிகளின் துணையால் அனுமானிக்கலாமேயன்றி நேராக அளத்தல் அரிது. ஆனால் இரண்டு நக்ஷத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிவந்து, அவற்றின் சுற்றுப்பாதையின் விளிம்பு ஏறக்குறைய நம்மை நோக்கி அமையுமானால், ஒன்று மற்றொன்றை மறைக்கும். அந்த மறைவே நமக்கு அளவுகோலாகிறது.

இத்தகைய மறைவை முதலில் உணர்ந்து உரைத்தவர், செவித்திறன் இழந்த ஆங்கிலேய இளைஞரான ஜான் குட்ரிக். அல்கோல் என்னும் நக்ஷத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கொரு தரம் தவறாமல் ஒளி குன்றி மீளுவதைக் கவனித்த அவர், இருண்ட பொருளொன்று அதனைச் சுற்றிவந்து மறைப்பதே காரணமாயிருக்கக்கூடும் என்று 1783இல், தமது பதினெட்டாவது வயதில், ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். இருபத்தொரு வயதில் அவர் மறைந்தார். அவர் சொன்னது சரியே என்பதை 1889இல் ஹெர்மன் ஃபோகல் நிறமாலையைக் கொண்டு நிரூபித்தார். சாஸ்திர சரித்திரத்தில் இத்தனை சிறு வயதில் இத்தனை தெளிவான யுக்தியைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

யுக்தி எளியதுதான். சுற்றும் நக்ஷத்திரம் நம்மை நோக்கி வருகையில் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகுகையில் சிவப்புப் பக்கமாகவும் நகர்கின்றன. அந்நகர்விலிருந்து இரண்டின் வேகமும், வேகத்திலிருந்து ஈர்ப்பு விதியின்படி நிறையும் கிட்டும். சுற்றுப்பாதை நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் இக்கணக்கு முடிவு பெறாது. கிரகணமோ அந்தச் சாய்வைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மறைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதிலிருந்து ஆரங்களையும், இரு மறைவுகளில் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து உஷ்ண விகிதத்தையும் பெறுகிறோம். நக்ஷத்திரத்தின் உள்ளமைப்பைப் பற்றிய எந்தக் கோட்பாட்டையும் நம்பாமலே இவையெல்லாம் கிட்டுகின்றன என்பதே இம்முறையின் தனிப்பெருமை.

இம்முறைக்கு வாய்த்த செங்குள்ள ஜோடிகளுக்கு ஓர் உதாரணம் காண்போம். நம் பஞ்சாங்கத்துப் புனர்பூசத்தின் பிரகாசமான நக்ஷத்திரங்களில் ஒன்றான காஸ்டரை ஒற்றை நக்ஷத்திரமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். உண்மையில் அது ஆறு நக்ஷத்திரங்களின் கூட்டம். அவற்றுள் மங்கலான ஜோடி ஒய்.ஒய். ஜெமினோரம் எனப்படுகிறது; சூரியனில் சுமார் 60 சதவீத நிறையுள்ள இரு செங்குள்ளர்கள் 19.5 மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றிவந்து பரஸ்பரம் மறைத்துக்கொள்கின்றன.

இதனினும் சிறப்பு வாய்ந்தது டிராகோ மண்டலத்தில், சுமார் 48 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சி.எம். டிராகோனிஸ். சூரிய நிறையில் 23 சதவீதமும் 21 சதவீதமும் கொண்ட இரு குள்ளர்கள் சுமார் 26 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில், அதாவது பூமிக்கும் சந்திரனுக்கும் உள்ள தொலைவைப்போல் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், 30 மணி நேரத்துக்கொருமுறை சுற்றிவருகின்றன; ஆகவே சுமார் 15 மணிக்கொரு கிரகணம். இரண்டின் ஆரமும் சூரியனுடையதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியவை. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு அவை அளக்கப்பட்டிருக்கின்றன.

இப்படித் துல்லியமாக அளந்த பிறகுதான் சிக்கல் தோன்றியது. இந்நிறையுள்ள நக்ஷத்திரம் இவ்வளவு ஆரம் உடையதாயிருக்க வேண்டும் என்று கோட்பாடு கணித்ததைவிட, சி.எம். டிராகோனிஸின் இரு நக்ஷத்திரங்களும் சில சதவீதம் பருத்திருந்தன. உஷ்ணமோ கணித்ததைவிடக் குறைவு. பிற ஜோடிகள் பலவற்றிலும் இதே கதை. சிலவற்றில் வேறுபாடு பத்து சதவீதத்தை எட்டுகிறது. பருமன் கூடி உஷ்ணம் குறைவதால் மொத்த ஒளி மட்டும் ஏறக்குறைய கணக்கோடு ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது. தவறு நிகழும் இடம் நக்ஷத்திரத்தின் மைய உலையல்ல, அதற்கு மேலுள்ள பகுதிகளே என்று அது குறிப்புக் காட்டுகிறது.

காரணமாகப் பலரும் சுட்டுவது காந்த சக்தி. நெருங்கிச் சுற்றும் ஜோடியில் ஈர்ப்பின் இழுவையால் ஒவ்வொன்றும் சுற்றும் காலமும் தன் அச்சில் சுழலும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் அவை அதிவேகமாகச் சுழல, காந்தப்புலம் வலுப்பட்டு, மேற்பரப்பில் கரும்புள்ளிகள் பெருகி, உள்வெப்பம் வெளியேறுவதற்குத் தடை உண்டாகிறது. தடைபட்ட நக்ஷத்திரம் சற்றே பருத்து, பரப்பைப் பெருக்கிக்கொண்டு, அதே வெப்பத்தைக் குறைந்த உஷ்ணத்தில் வெளிவிடுகிறது. இவ்விளக்கம் அழகானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சூரிய நிறையில் சுமார் 35 சதவீதத்துக்குக் கீழே நக்ஷத்திரம் முழுவதும் வெப்பச்சலனத்தால் கலங்கிக்கொண்டிருக்கிறபடியால், அங்கே காந்தத்தடை இத்தனை பலன் தருமா என்ற ஆட்சேபம் எழுகிறது. தவிர, 41 நாளுக்கொருமுறை நிதானமாகச் சுற்றும் செங்குள்ள ஜோடியொன்றை 2011இல் அளந்தபோது, அங்கேயும் பருமன் சில சதவீதம் மிகையாகவே இருந்தது. வேகச் சுழற்சி ஒன்றையே குற்றவாளியாக்குவது அவசர முடிவு என்றே நான் கருதுகிறேன்.

இதெல்லாம் சில சதவீத வழக்குத்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. இன்று பூமியைப் போன்ற கிரகங்களை மிகுதியாகத் தேடுவது செங்குள்ளர்களைச் சுற்றித்தான். 2017இல் ஏழு கிரகங்களோடு புகழ்பெற்ற டிராப்பிஸ்ட்-1, சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. கிரகம் தன் நக்ஷத்திரத்தின் குறுக்கே கடக்கையில் மறைக்கும் ஒளியின் அளவு, இரண்டின் ஆர விகிதத்தையே தரும். நக்ஷத்திரத்தின் ஆரத்தில் ஐந்து சதவீதம் பிழைத்தால் கிரகத்தின் ஆரமும் அவ்வளவே பிழைத்து, அதன் கனஅளவு பதினாறு சதவீதம் மாறிவிடும். பாறையா, நீர் நிறைந்ததா, வாயு போர்த்தியதா என்ற தீர்ப்பு அதனால் புரண்டுபோகலாம்.

ஆகையால்தான் 2009இல் ஏவப்பட்ட கெப்ளரும், 2018இல் ஏவப்பட்ட டெஸ்ஸும் ஆகிய விண்தொலைநோக்கிகள் கிரகங்களைத் தேடித் திரட்டிய ஒளிப்பதிவுகளைத் துழாவி, வானியலார் மேலும் ஜோடிகளைச் சேகரிக்கின்றனர். அவர்களுக்கு மிகவும் வேண்டியவை காந்தக் கொந்தளிப்பு அடங்கிய, வாரக்கணக்கில் சுற்றும் ஜோடிகள். ஆனால் இடைவெளி கூடக்கூடக் கிரகணம் நேரும்படி பாதை அமைவது அரிதாவதோடு, நேர்ந்தாலும் மறைவுகள் நெடிய இடைவெளி விட்டே வாய்க்கும். ஒவ்வொரு மறைவையும் தவறவிடாமல் பதிவு செய்ய உலகின் பல பாகங்களிலுள்ள தொலைநோக்கிகள் முறைவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.