காசும் கிடைத்த இடமும்

சோழமண்டலக் கடற்கரையிற் கிடைத்த சாதவாகனர் காசுகள் சிலவற்றில் இரு பாய்மரங்களையுடைய கலம் பொறிக்கப்பட்டுள்ளது. மாமல்லபுரத்தைத் துறைமுகமாகக் கொண்டு ஆண்ட பல்லவர், தம் செப்பேட்டு முத்திரையிற் காணும் விடையினையே காசுகளிலும் பொறித்தனர். இவற்றுட் சிலவற்றில் மன்னர்தம் விருதுப்பெயர் உண்டு; ஆண்டுக் குறிப்பு இல்லை.

ஆதலின் காசு கிடைத்த ஊர், மண்ணடுக்கு, உடன் கிடைத்த பானையோடுகள் ஆகியனவே அதன் காலத்தை வரையறுக்கத் துணைபுரியும். செங்கற்பட்டு வட்டாரத்திற் காசு திரட்டுவோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். களிம்பை அமிலமிட்டு நீக்கின் தேய்ந்த எழுத்தும் உடன் அழியும். இடம் மறைத்து விற்பின் காசு சான்றாகும் தகுதியை இழக்கும். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும், 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தோர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டுமென விதிக்கின்றது. காசுடன் கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிவைத்தலே திரட்டுவோரின் முதற்கடமையாம்.