பூனையின் எண்ணும் பதிவேட்டின் பொறுப்பும்

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு மைக்ரோசிப் பொருத்துவது சட்டப்படி கட்டாயம். குட்டிக்கு 20 வாரம் நிறைவதற்குள் சிப்பைப் பொருத்தி, உரிமையாளரின் தொடர்பு விவரங்களையும் பதிவுசெய்துவிட வேண்டும். தவறியவர்களுக்கு 21 நாள் அவகாசம் தரப்படும். அதன் பிறகும் அசட்டையாக இருந்தால் 500 பவுண்டு வரை அபராதம். நாய்களுக்கு இந்தக் கட்டாயம் 2016-லேயே அங்கு வந்துவிட்டது. சென்னை மாநகராட்சியும் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால், இங்கே பூனை வளர்ப்பவர்களும் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பூனை எங்கே போனாலும் கைப்பேசியில் பார்த்துவிடலாம் என்பது அவர்களில் பலரது நினைப்பு. அப்படிப் பார்க்க முடியாது.

அரிசிமணி அளவேயான கண்ணாடிக் குப்பி அது. மின்கலம் கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுசெல்லும்போது அதன் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன்னிடமுள்ள 15 இலக்க எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். மருத்துவர் அதைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி வழியாகச் செலுத்துகிறார். பொதுவாக மயக்கமருந்து தேவைப்படுவதில்லை. சில வேளைகளில் சிப் இடம் நகர்ந்துவிடும் என்பதால், ஸ்கேன் செய்பவர் தோளோடு நிறுத்தாமல் விலாப்பக்கமும் தேடிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பூனைக்கு இதைப் பொருத்தியபோது, மருத்துவர் எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்தார். "இந்த எண்ணும் என் பெயரும் சேர்ந்து எங்கே இருக்கின்றன?" என்று கேட்டேன். "இந்தப் புத்தகத்தில்தான் சார்" என்றார். காணாமல்போகும் பூனை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை.

சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பொருளியலில் வலைப்பின்னல் பயன் என்றொரு கருத்து உண்டு. ஊரில் ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. பூனையின் சிப்பும் அத்தகையதே. பூனையைக் கண்டெடுப்பவர் போகும் இடத்தில் ஸ்கேனர் இருக்க வேண்டும். அதில் தெரியும் எண்ணைத் தேடுவதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். பதிவேட்டிலுள்ள தொலைபேசி எண் இன்றும் உயிரோடிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் உரிமையாளர் செலவழித்த பணம் வீண். சிப்புக்கு ஆகும் செலவு தனிமனிதருடையது. அதைப் பயனுள்ளதாக்கும் ஏற்பாடோ பொதுச்சொத்து. அதைச் சந்தை தானாக அமைத்துத் தரும் என்று நான் நம்பவில்லை.

இங்கிலாந்தின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அங்கே தனித்தனி நிறுவனங்கள் நடத்தும் பதிவேடுகள் 20-க்கும் மேல் உள்ளன. கண்டெடுத்த பூனையின் எண் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பதையே முதலில் தேடவேண்டியிருக்கிறது. நம்மிடம் இருப்பது வேறு விதமான குறை. மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட தோடு மாட்டி, அதன் தடுப்பூசி விவரம்வரை 'பாரத் பசுதன்' என்னும் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றும் ஏற்பாடு இந்தியாவில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பால் கறக்காத பூனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரசுக்கு வழி தெரியாது என்பதல்ல. அக்கறைதான் இன்னும் எட்டவில்லை.

பூனையுடன் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் குடிபெயர எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப் பொருத்திய பிறகு போட்ட வெறிநோய்த் தடுப்பூசியே அங்கே செல்லும். முன்னரே போட்டிருந்தால் மறுபடியும் போட வேண்டும். இந்தியாவிலிருந்து செல்லும் பூனைக்கு, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதற்கு மேல் மூன்று மாதக் காத்திருப்பு என்று நாள்கள் நீளும். பயணச்சீட்டு எடுத்த பின் இதை அறிந்து தவிப்பவர்கள் உண்டு.

பூனைகளுக்கும் ஆணை பிறப்பிக்க எண்ணும் உள்ளாட்சிகள், அபராதத் தொகையை முடிவுசெய்யும் முன் பதிவேட்டை அமைக்கட்டும். மாநிலம் முழுவதற்கும் ஒன்றே போதும். முகவரி மாற்றத்துக்குக் கட்டணம் கூடாது. கட்டணம் வைத்தால் யாரும் மாற்றமாட்டார்கள். அரசுக் கால்நடை மருத்துவமனைகள் அனைத்திலும் ஸ்கேனர் வேண்டும். அதுவரை, சிப் பொருத்தியவர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் பதிவேட்டிலாவது இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்துவைப்பது நல்லது. ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது, சிப் படிக்கப்படுகிறதா என்று மருத்துவரை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான்.