கார்ட்டின் காலமும் கணக்கின் காலமும்
கரை கடந்தவர்கள் – 14

மண்முனையில் பாதைக்குக் காத்து நின்ற காலம் போய்விட்டது. 2014இல் பாலம் வந்த பிறகு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போவது சில நிமிட வேலை. இந்தத் தைப்பொங்கல் கழிந்த கிழமை கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் கட்டில் போட்டு, எண்பதைத் தாண்டிய ஒரு தாயைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் மகள். கையில் கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை.

"2027 சித்திரை வரைக்கும் கார்ட் இருக்கு தம்பி. அதுக்குள்ள எப்ப போனாலும் சரிதானே?"

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இது. பதிலும் ஒன்றுதான்: இல்லை. அட்டையில் உள்ள திகதி அட்டைக்கு உரியது. உங்கள் வதிவிட உரிமை வேறொரு கணக்கில் ஓடுகிறது.

அந்தக் கணக்கு 2002 யூனில் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. 5 ஆண்டுக்குள் 730 நாட்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் சேரலாம். போய் இறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். வந்து 5 ஆண்டு ஆகாதவரிடம், மிச்ச நாளுக்குள் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். 5 ஆண்டு தாண்டியவருக்கு, கேட்கும் நாளிலிருந்து பின்னோக்கி 5 ஆண்டை அளப்பார்கள். அந்த அளவுகோல் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அக்காவின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். மகனின் ஸ்பொன்சரில் 2022 மார்ச் 10 ரொறன்ரோவில் இறங்கியிருக்கிறார். 2023 மே 8 புறப்பட்டிருக்கிறார். தாய் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது என்று தொலைபேசி வந்த கிழமை அது. "ரெண்டு மாதத்தில வந்திருவன்" என்று சொல்லி வந்தவர், பிறகு போகவே இல்லை.

பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அங்கே இருந்தது 425 நாட்கள். 730க்கு இன்னும் 305 வேண்டும். முதல் 5 ஆண்டு 2027 மார்ச் 9ஆம் திகதியோடு முடிகிறது. அங்கிருந்து 305 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் 2026 மே 9. அன்றைக்குள் அங்கே இறங்கி, பிறகு ஒரு நாளும் வெளியே வராமல் இருந்தால்தான் கணக்கு நேர். அட்டை இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் காலம் காட்டியது. கையில் இருந்ததோ நாலு மாதத்துக்கும் குறைவு.

"மகன் சிட்டிசன்தானே, அதால ஒண்டும் இல்லையா?"

இல்லை. கனடியக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் கூடி வாழும் நாட்கள் எண்ணிக்கையில் சேரும். கனடிய நிறுவனம் ஒன்று முழுநேர வேலைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த நாட்களும் சேரலாம். வளர்ந்த மகனின் குடியுரிமை தாய்க்கு ஒரு நாளையும் கூட்டித் தராது.

நாள் குறைந்துவிட்டால் அடுத்த நிமிடமே எல்லாம் போய்விடும் என்றும் இல்லை. அதிகாரி ஒருவர் தீர்மானித்து, அந்தத் தீர்மானம் இறுதியாகும் வரை வதிவிட உரிமை நிற்கும். மனிதாபிமானக் காரணங்களைச் சொல்லிக் கேட்கலாம், மேன்முறையீடும் செய்யலாம். பெற்றோரைப் பராமரிக்க நேர்ந்தது அப்படியொரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படக்கூடியது. ஆனால் வாய்ச்சொல் போதாது. ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி, சத்திரசிகிச்சைத் துண்டு, மரணச் சான்றிதழ், விமானச் சீட்டு எல்லாம் ஒரு பையில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் முதலில் எறிவது இவற்றைத்தான்.

பிற நாடுகளுக்குக் கணக்கு வேறு. பிரித்தானியாவில் வேலை விசாவில் இருந்துகொண்டு நிரந்தர வதிவிடம் கேட்கப்போகிறவர், எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. தை முதல் மார்கழி வரை என்று எண்ணித்தான் பலர் பிழை விடுகிறார்கள். யூலை முதல் ஒக்டோபர் வரை ஊரில் நின்றவர், அடுத்த மார்ச்சில் திரும்ப வந்து யூன் நடுப்பகுதி வரை நின்றால், இரண்டு வருடக் கலண்டரிலும் 180 தாண்டாது. ஆனால் யூலையிலிருந்து 12 மாதத்தை அளந்தால் இருநூறைத் தாண்டிவிடும். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகும், தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது காலாவதியாகும். சுவிஸில் இன்னும் இறுக்கம்: சி அனுமதி உள்ளவர் சொல்லாமல் 6 மாதம் வெளியே நின்றால் அது இல்லாமல் போகும். முன்கூட்டியே விண்ணப்பித்தால் 4 ஆண்டு வரை காப்பாற்றி வைக்க இடமுண்டு.

அகதியாகப் போனவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். அவர்களுக்கு எத்தனை நாள் என்பதற்கு முன், எந்த நாடு என்ற கேள்வி வரும். கனடாவில் 2012 மார்கழிக்குப் பிறகு, அகதி வழியில் வதிவிடம் பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்து போனால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று கண்டு அகதி நிலையை முடிக்கலாம். அதோடு நிரந்தர வதிவிடமும் போகும். 730 நாள் நிரம்பியிருந்தாலும் அது காப்பாற்றாது. மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்துபோன ஒரு பயணமே கேள்வியாகலாம். குடியுரிமை எடுத்த பிறகு வருவதே பத்திரம். 5 ஆண்டுக்குள் 1,095 நாள் அங்கே இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இலங்கைக் குடியுரிமையும் வேண்டுமென்றால், 1987 முதல் இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது அக்கா கொப்பியைப் பார்க்கவில்லை, கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். வயதான தாய் மகளோடேயே இருந்து கண்ணை மூடுவாள். இங்கே ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை வீட்டை வைத்துச் சொல்வோம். அங்கே உடம்பு எத்தனை நாள் நின்றது என்று எண்ணுகிறார்கள். இரண்டு கணக்கும் அந்த ஒரே விறாந்தையில் முட்டி நின்றன.

"மறுகா என்ன மனே செய்யிற?" என்றார்.

கடைசி நாளை நம்ப வேண்டாம், விமானம் பிந்தலாம், இரண்டு மூன்று கிழமை கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போவதற்கு முன் அங்கே உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ ஒரு தரம் காட்டச் சொன்னேன். விதிகள் மாறிக்கொண்டிருப்பவை.

சுவரில் கடைக்காரன் கொடுத்த புதுக் கலண்டர். அக்கா எழும்பிப் போய்த் தாள்களைப் புரட்டி, மே 9ஐப் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு ஒரு தாள் பின்னுக்கு வந்தார். ஏப்ரல் 20க்கு மேலே பென்சில் நின்றது. அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே அவருடைய கையெழுத்தில் இருந்தது: "அம்மா கிளினிக்."

(அடுத்த இதழில்: வளைகுடாவில் 20 ஆண்டு உழைத்தும் ‘நிரந்தரம்’ என்ற சொல்லைக் கேட்காத ஏறாவூர்ப் பெண்கள்)