நின்ற மாதவிடாய் திரும்புவது எப்படி?

வயிற்றுவலிக்காக மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. "கெட்ட இரத்தம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுமோ?" என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஊசி நிறுத்தப்படுகிறது. அடுத்த மாதமும் மாதவிடாய் வரவில்லை. "இனி வராமலே போய்விடுமோ?" என்று இப்போது அவளே அஞ்சுகிறாள். இந்த இரண்டு அச்சங்களுக்கும் விடை காண, கருப்பையிலிருந்து மூளை வரை நாம் சற்றே பயணம் செய்ய வேண்டும்.

இடம் மாறிய திசு

கருப்பையின் உட்சுவரை ஒரு மென்படலம் போர்த்தியிருக்கிறது. அதனை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பைகளின் மீதும் இடுப்புக்குழியின் உட்பரப்பிலும் ஒட்டி வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

கருப்பைப் படலத்திற்கும் இடம் மாறிய திசுவிற்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனே உரம். சினைப்பைகள் அதனைச் சுரக்கின்றன. அவ்வுரத்தை நிறுத்தினால் இடம் மாறிய திசு வாடும், வலி தணியும். ஆனால் உரத்தை நிறுத்துவது எங்ஙனம்?

மணிக்கு ஒரு முறை

சினைப்பைகளுக்கு ஆணையிடுவது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. அதற்கு ஆணையிடுவது ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி. அது அனுப்பும் தூதுப்பொருள், பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. அதன் அமைப்பு 1971ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஷாலி, கில்லெமின் ஆகிய இருவரும் 1977ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

இத்தூது ஓயாமல் வருவதில்லை. விட்டுவிட்டுத் துடிப்புகளாக வருகிறது. இதன் காரணம் 1978ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் தெளிவாயிற்று. எர்னஸ்ட் நோபில் என்பவரின் குழுவினர், இத்தூது அற்றுப்போன குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை மணிக்கு ஒரு முறை செலுத்தினர். பிட்யூட்டரி வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி அடங்கிப் போயிற்று. மீண்டும் மணிக்கு ஒரு முறை என மாற்றியதும் விழித்துக்கொண்டது! அளவன்று, தாளமே முக்கியம். அவ்வப்போது கதவைத் தட்டினால் வீட்டார் திறப்பார்கள். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள் அல்லவா?

ஊசியின் வேலை

லூப்ரோலைடு போன்ற ஊசி மருந்துகள் இத்தூதுப்பொருளின் சாயலில் செய்யப்பட்டவை. தசையில் தங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பிட்யூட்டரி தூண்டப்படுவதால் வலி சற்றுக் கூடலாம். முதல் மாதத்தில் உதிரப்போக்கும் ஏற்படலாம். அதன் பின்னர் பிட்யூட்டரி அடங்கும், ஈஸ்ட்ரோஜன் தாழும், மாதவிடாய் நிற்கும்.

மாதவிடாயில் வெளிவருவது உதிர்ந்த படலமும் அதனோடு சேர்ந்த இரத்தமுமே. படலமே வளராதபோது உள்ளே தேங்குவதற்கு ஏதும் இல்லை. கெட்ட இரத்தம் என்று தனியாக ஒன்று உடலில் கிடையாது. முதல் அச்சம் இத்துடன் தீர்கிறது.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் எலும்புக்கும் தேவை. அது குறைந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். உடலில் திடீர் வெப்பமும் இரவில் வியர்வையும் தோன்றும். எனவே ஊசியை மட்டும் தனியே தருவது பொதுவாக ஆறு மாதத்துடன் நிறுத்தப்படுகிறது. எலும்பைக் காக்கச் சிறிதளவு ஹார்மோன் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

தாளம் திரும்பும்போது

கடைசி ஊசியின் மருந்து கசிந்து தீர ஒரு மாதமாவது ஆகும். பிறகு பிட்யூட்டரி விழிக்க வேண்டும். சினைப்பையில் முட்டை முதிர வேண்டும். படலம் வளர வேண்டும். ஆகவே கடைசி ஊசிக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் மாதவிடாய் திரும்புவதே பெரும்பாலும் இயல்பு. மூன்று மாத ஊசியானால் இன்னும் தாமதமாகும்.

முதல் ஓரிரு சுற்றுகள் ஒழுங்கின்றி வரலாம். முட்டை வெளிப்படாத மாதத்தில் படலத்தை நிலைப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரப்பதில்லை. ஆதலால் படலம் தாறுமாறாக உதிர்ந்து, போக்கு மிகுதியாகவோ நீண்டோ இருக்கலாம். மெலிந்த படலமாயின் குறைவாகவும் இருக்கலாம். முட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே மாதவிடாய் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எனவே முதல் மாதவிடாய்க்கு முன்னரே கருத்தரிக்க இடமுண்டு.

வலியும் திரும்பக்கூடும். மருந்து இடம் மாறிய திசுவை உறங்கச் செய்கிறதே தவிர, வேரோடு அழிப்பதில்லை. அடுத்து என்ன செய்வது என்பதை ஊசியை நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் பேசிவைப்பது நல்லது.

எப்போது மருத்துவரை நாடுவது?

மூன்று மாதம் கடந்தும் மாதவிடாய் வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைக் காண வேண்டும். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவிற்குத் தொடர்ந்து போக்கு இருந்தாலோ, மயக்கமோ தாங்க முடியாத வலியோ ஏற்பட்டாலோ காத்திருத்தல் கூடாது. வயது நாற்பதைக் கடந்து, இயற்கையாகவே மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்கியவர்களுக்கு அது திரும்பாமலும் போகலாம்.

மற்றவர்களுக்கு இரண்டாவது அச்சமும் பெரும்பாலும் தேவையற்றதே. தாளம் சிலகாலம் நிறுத்தி வைக்கப்பட்டது, அழிக்கப்படவில்லை. அது திரும்பச் சிறிது நாள் பிடிக்கும். அவ்வளவே!